நாஷ் நிறுத்தினார், அண்ணனும் நிறுத்திவிட்டான்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 26 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அண்ணனுக்கு 29 வயது. இன்ஜினியரிங் முடித்துக் கோவையில் வேலை பார்த்தவர். மூன்று வருடத்துக்கு முன்பு, டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைத்தான் ஜாடை பேசுகிறார் என்று சொல்லத் தொடங்கினார். அப்புறம் தூக்கம் போனது, வேலையும் போனது. மனநல மருத்துவர் பார்த்துவிட்டு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்றார். மாத்திரையில் நன்றாகத் தேறி, இப்போது உள்ளூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசுக்கு மதியம் வரை போய் வருகிறார். ஆனால் 62 கிலோ இருந்தவர் 81 கிலோ ஆகிவிட்டார். காலையில் எழுப்புவதே பெரும்பாடு.

போன மாதம் அண்ணனும் தங்கையும் சேர்ந்து 'அ பியூட்டிஃபுல் மைண்ட்' பார்த்திருக்கிறார்கள். கணித மேதை ஜான் நாஷின் கதை, 2001-ல் வந்தது, ரஸ்ஸல் குரோ நடித்தது. அதற்குப் பிறகு நடந்ததை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "அவன் மேஜையில் ஸ்கேல் தேடினேன். பழைய ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் ராத்திரி போடுகிற மாத்திரைகள் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், 19. கேட்டால், 'நாஷ் 1970-லேயே மாத்திரையை நிறுத்திட்டார், நோபல் வாங்கினது அதுக்கப்புறம்தான், நெட்ல பாரு' என்கிறான். பார்த்தேன் டாக்டர். அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது."

இன்னும் சில கேள்விகள். படத்தில் நாஷுக்கு ஆட்கள் கண்ணெதிரே தெரிகிறார்கள், அண்ணனுக்குக் குரல் மட்டும்தான் கேட்கிறது, அப்படியென்றால் நோயே வேறோ? அம்மா பயந்துபோய் ராத்திரியில் அரிவாள்மனையை ஒளித்து வைக்கிறார், பயப்படத்தான் வேண்டுமா? கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும், பெண் வீட்டில் எதையும் சொல்ல வேண்டாம் என்கிறார் மாமா. "எனக்கும் இது வருமா" என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி. கடைசியில், நாஷின் மனைவியை நினைத்து, "அந்த அலிசியா மாதிரிப் பொறுமை எனக்கு இல்லை."

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை நின்று கிட்டத்தட்ட மூன்று வாரம். அண்ணனைப் பார்க்கும் டாக்டருக்கு இது இன்னும் தெரியாது என்றால் இன்றே போன் செய்து சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் நீங்களாகப் பழைய அளவிலேயே மறுபடி கொடுக்க ஆரம்பிக்க வேண்டாம். சில மருந்துகளை இடையில் விட்டால் குறைந்த அளவிலிருந்துதான் திரும்ப ஏற்ற வேண்டும்.

இன்னொன்று. மாத்திரையை நிறுத்திய முதல் சில வாரங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தூக்கக் கலக்கம் தெளியும், கைகால் லேசாகும், "பார்த்தாயா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பக்கவிளைவு சீக்கிரம் விலகிவிடுகிறது, நோய் திரும்பப் பல வாரங்களோ மாதங்களோ ஆகிறது. நடுவில் கிடைக்கும் அந்த நல்ல நாட்களை நம்பித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

குரல்தான், உருவம் இல்லை

அண்ணனின் நோய் வேறோ என்ற சந்தேகத்துக்கு வருவோம். உண்மையான நாஷுக்கும் ஆட்கள் தெரியவில்லை. அறைத்தோழன் சார்லஸ், அவனுடைய சகோதரியின் சின்ன மகள் மார்சி, கருப்புத் தொப்பி வைத்த ரகசிய அதிகாரி, மூன்று பேரும் சினிமாவுக்காகப் பிறந்தவர்கள். நாஷுக்குக் குரல்கள் கேட்டன. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் தனக்கு மட்டும் புரிகிற ரகசியச் செய்திகள் வருவதாக நம்பினார். சிகாகோ பல்கலைக்கழகம் வேலைக்குக் கூப்பிட்டபோது, தான் அண்டார்டிகாவின் சக்கரவர்த்தி ஆகப்போவதால் வர இயலாது என்று பதில் எழுதினார். பத்திரிகையில் தனக்கான செய்தி என்பதையும், டிவிக்காரர் தன்னை ஜாடை பேசுகிறார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் அண்ணன் படத்து நாஷை விட நிஜ நாஷுக்குத்தான் நெருக்கம்.

இந்த நோயில் காதில் கேட்பதுதான் அதிகம், கண்ணில் தெரிவது குறைவு. தெரிந்தாலும், ஒரே ஆள் வருடக்கணக்கில் கூடவே வந்து கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்வது மிக மிக அபூர்வம். ஆனால் குரலைத் திரையில் எப்படிக் காட்டுவது? இரண்டு மணி நேரம் ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? அதனால் காதில் கேட்டதைக் கண்ணுக்கு மாற்றிவிட்டார்கள். இதில் எனக்குக் கோபம் இல்லை. பாதிப் படம் வரை நாமும் அந்த அறைத்தோழனை நிஜம் என்று நம்புகிறோம் அல்லவா? அவன் இல்லை என்று தெரியும்போது நமக்கே தலை சுற்றுகிறது. நோயாளிக்கு அது "கற்பனை மாதிரி" இருப்பதில்லை, நீங்கள் இந்த எழுத்தைப் பார்ப்பது போல அத்தனை நிச்சயமாக இருக்கிறது. அதை ஒரு வகுப்பு முழுக்கப் பேசினாலும் என்னால் அந்த அளவுக்குப் புரியவைக்க முடியாது. அந்தச் சிறுமி புறாக்கூட்டத்துக்குள் ஓடும்போது ஒரு புறாகூடப் பறக்காது, கவனித்தீர்களா? இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் எனக்கே அது கண்ணில் பட்டது.

படம் காட்டாமல் விட்டது வேறு. கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "பாட்டே ஓடாத ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திமிர் என்று நினைப்பேன்." அது திமிர் இல்லை. குரலை அடக்க ஹெட்போன் மாட்டுவது, மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பது, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நிற்பது, இதெல்லாம் நோயாளிகள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளும் வைத்தியம். அப்புறம் அந்தச் சோர்வு, முகத்தில் சிரிப்பு வராதது, குளிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருப்பது. மாத்திரையும் கொஞ்சம் காரணம்தான். ஆனால் நோயின் பாதி இதுதான், குரல் அடங்கிய பிறகும் தங்குவதும் இதுதான். சினிமாவுக்கு இது சுவாரசியம் இல்லை. வீட்டில் எல்லாருடைய திட்டும் இதற்குத்தான் விழுகிறது.

நெட்டில் இருப்பதும் அதற்கு அர்த்தமும்

உங்கள் அண்ணன் சொன்ன தகவல் சரி. 1970-க்குப் பிறகு நாஷ் மாத்திரை எடுக்கவில்லை. படத்தின் முடிவில் புது வகை மாத்திரைகளை எடுத்துக்கொள்வதாக அவர் சொல்லும் வசனம்தான் பொய். பார்ப்பவர்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்ற கவலையில் திரைக்கதை எழுதியவர் அப்படி வைத்திருக்கிறார் என்று நாஷே சொல்லியிருக்கிறார். அந்தப் பொய் எதற்காகச் சொல்லப்பட்டதோ அது உங்கள் வீட்டிலேயே நடந்துவிட்டது.

ஆகவே "அது பொய்ச் செய்தி" என்று அண்ணனிடம் மல்லுக்கட்டாதீர்கள், தோற்றுப்போவீர்கள். மிச்சக் கதையையும் சேர்த்துப் பேசுங்கள். நாஷுக்கு நோபல் கிடைத்தது 1994-ல். எதற்காக? 1950-ல், ஏறக்குறைய 22 வயதில், அவர் எழுதிய 28 பக்க ஆய்வேட்டில் இருந்த விஷயத்துக்காக. நோய் வெளிப்பட்டது 1959-ல், முப்பது வயதில். படம் அதை மாணவப் பருவத்துக்கே இழுத்துக்கொண்டு போனதால், நோயும் மேதைமையும் ஒன்றாகப் பிறந்தது போல ஒரு மயக்கம். நிஜத்தில் நோபலுக்குரிய வேலை நோய்க்கு முன்பே முடிந்துவிட்டது. நோய்க்குப் பிறகு கைவிட்டுப்போனது இருபத்தைந்து வருடத்துக்கு மேல். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கட்டடத்தில் கரும்பலகைகளில் புரியாத கணக்குகளை எழுதிக்கொண்டு திரிந்தவரை மாணவர்கள் 'ஃபைன் ஹால் ஆவி' என்றார்கள். 1994-ஐ மட்டும் பார்த்தால் மாத்திரை இல்லாமலே ஜெயித்த மாதிரி இருக்கும். அந்த நடுக் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அவர் எந்த வைத்தியத்தை வெறுத்தார் என்பதும் முக்கியம். 1961-ல் அவரை ட்ரெண்டன் மருத்துவமனையில் வைத்து இன்சுலின் ஊசி போட்டு மயக்க நிலைக்குத் தள்ளினார்கள். அந்த வைத்தியம் இன்று வழக்கத்திலேயே இல்லை. அப்போதைய மாத்திரைகள் உடம்பைக் கட்டை போல இறுக்கின. அவர் ஓடியதில் ஆச்சரியம் என்ன?

மாத்திரை இல்லாமலும் தேறுபவர்கள் உண்டா? உண்டு. யார் அந்தச் சிலர் என்று முன்கூட்டியே சொல்ல எங்களிடம் வழி இல்லை, அதுதான் சிக்கல். 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 27 பேருக்கு. மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு. மருந்து எடுத்தும் 27 பேருக்குத் திரும்பியதே என்று அண்ணன் கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்வி. ஆனால் 27-ஆ 64-ஆ என்றால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மாத்திரையைப் பற்றி எப்படிப் பேசுவது

இப்படிப்பட்ட வீடுகளில் அடுத்து நடப்பது எனக்குத் தெரியும். மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். தன்னைச் சுற்றி ஏதோ சதி நடக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பியவர் அவர். காபியில் மருந்தைக் கண்டுபிடித்தால் அந்தச் சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும். அப்புறம் மாத்திரையோடு சாப்பாடும் நிற்கும்.

அவர் ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். நாஷைக் காரணம் காட்டினாலும், 19 கிலோ கூடியதையும் காலையில் கண் திறக்க முடியாததையும் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. படத்திலும் நாஷ் மாத்திரையை ஒளித்துவைப்பது கணக்குப் போட முடியவில்லை, மனைவியோடு நெருங்க முடியவில்லை என்பதால்தான். அந்த இடம் அப்பட்டமான நிஜம். அண்ணனுக்கும் இதே மாதிரி சொல்லக் கூசுகிற காரணம் இருக்கலாம். தங்கையிடம் சொல்ல மாட்டார், டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள். அவ்வளவாக எடை ஏற்றாத மாத்திரைகள் இருக்கின்றன, அளவைக் குறைக்கலாம், போடும் நேரத்தை மாற்றலாம், எடையையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தத் தனி மருந்து சேர்க்கலாம். தினமும் மாத்திரை என்பதே வெறுப்பு என்றால் மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. இதையெல்லாம் டாக்டர் தானாகவே சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் நூறு பேர் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் பல நேரம் சொல்வதில்லை, அது எங்கள் பக்கத்துத் தவறு.

குரலைப் பற்றி அவர் பேசினால் "அதெல்லாம் பிரமை" என்றும் சொல்லாதீர்கள், "ஆமா, எனக்கும் கேக்குது" என்றும் சொல்லாதீர்கள். "எனக்குக் கேக்கல. ஆனா உனக்குக் கேக்குதுன்னு தெரியுது, கஷ்டமாத்தான் இருக்கும்" என்றால் போதும். படத்தில் நோபல் குழுவிலிருந்து ஒருவர் வந்து பேசும்போது, நாஷ் அந்த வழியே போகும் மாணவியிடம் இவர் உனக்குத் தெரிகிறாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்வார். சிரிக்க வைக்கும் காட்சி. ஆனால் நாங்கள் நோயாளிகளுக்குச் சொல்லித்தருவதும் இதைத்தான். நம்பிக்கையான ஒருவரைக் கேட்டுச் சரிபார்ப்பது. அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டுமென்றால், மாத்திரையை எண்ணும் போலீசாக இருக்க முடியாது. இரண்டும் ஒரே ஆளால் ஆகாது. எண்ணுகிற வேலையை அப்பாவோ மாமாவோ எடுத்துக்கொள்ளட்டும். மாமாவுக்கும் ஒரு வேலை வேண்டுமே.

அரிவாள்மனையும் ஆபத்தும்

அம்மாவின் பயம் ஜான் நாஷால் வந்ததில்லை என்று நினைக்கிறேன், நம் ஊர்ப் படங்களால் வந்தது. அதே 2001 தீபாவளிக்குத்தான் 'ஆளவந்தான்' வந்தது. மனநோய் விடுதியிலிருந்து தப்பி வந்து கொலை செய்யத் துரத்தும் நந்து. நடிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு தலைமுறைக்கு மனச்சிதைவு என்றால் அந்த மொட்டைத் தலைதான். நான்கு வருடம் கழித்து 'அந்நியன்' வந்து, ஒரே ஆளுக்குள் மூன்று பேர் என்ற இன்னொரு குழப்பத்தைச் சேர்த்துவிட்டது. அது வேறு பிரச்சினை, ஸ்கிசோஃப்ரினியா இல்லை. நிஜத்தில் அந்த 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. யாரால் யாருக்கு ஆபத்து என்று அந்த வருடத்தை வைத்தே சொல்லிவிடலாம். 2017-ம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

பெரும்பாலான நோயாளிகள் யாரையும் தாக்குவதில்லை. சிகிச்சை இல்லாமல் இருப்பதும், குடி, கஞ்சா சேர்வதும்தான் ஆபத்தைக் கூட்டுகின்றன. எங்களுக்கு அதைவிடப் பெரிய பயம், நோயாளி தன்னையே ஏதாவது செய்துகொண்டுவிடுவாரோ என்பது. அரிவாள்மனையை அடுப்படியிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஒளிப்பதை அண்ணன் பார்த்தால் மனசு உடைந்துபோகும். ஆனால் இவற்றைக் கவனியுங்கள்:

- இரண்டு மூன்று ராத்திரி தொடர்ந்து தூக்கம் இல்லாமல் போவது. பெரும்பாலும் முதல் எச்சரிக்கை மணி இதுதான்.
- செய்தி நேரத்தில் டிவியை அணைப்பது, அல்லது அதையே முறைத்துப் பார்ப்பது. நோய் திரும்பும்போது பெரும்பாலும் முதல் தடவை வந்த வழியிலேயே வரும்.
- சாப்பாட்டைச் சந்தேகப்படுவது, சாவைப் பற்றிப் பேசுவது, "செய்" என்று குரல் கட்டளை இடுவதாகச் சொல்வது. இதற்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வழி தெரியாமல் திகைத்தால் எந்நேரமும் 14416-க்கு அழைக்கலாம், அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அவர் தெளிவாக இருக்கும் இப்போதே, தனக்கு முடியாமல் போனால் தன் சார்பில் யார் முடிவெடுக்கலாம், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்க அதே மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. நாஷுக்கு இப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால் இன்சுலின் ஊசி வேண்டாம் என்று எழுதியிருப்பார். அண்ணனுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கல்யாணப் பேச்சு

மாமாவுக்கு நேராகவே சொல்லுங்கள், கல்யாணம் இதற்கு மருந்து இல்லை. புது ஊர், புது ஆட்கள், விடிய விடியத் தூக்கம் கெடும் சடங்குகள், யாருக்கும் தெரியாமல் மாத்திரை போட வேண்டிய கட்டாயம். நோய் திரும்ப இதைவிட வசதி தேவையில்லை. சட்டமும் சும்மா இருக்காது. மறைத்துச் செய்த திருமணத்தை ஏமாற்று என்று சொல்லி ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவில் வழக்குப் போடலாம், தெரிய வந்த ஒரு வருடத்துக்குள். அதற்காக இந்த நோய் இருந்தாலே கல்யாணம் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். நோயின் பெயரை மட்டும் காட்டி விவாகரத்து கேட்க முடியாது, அது எவ்வளவு தீவிரம் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொல்லிச் செய்த கல்யாணங்கள் நன்றாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடமாவது நிலையாக இருக்கட்டும், அண்ணனுக்கே ஆசை இருக்கட்டும், பெண்ணிடம் அவரே சொல்லட்டும்.

அலிசியாவைப் பற்றி

பென்சிலால் எழுதிய கேள்விக்குப் பதில்: பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் இந்த நோய், உடன்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றில் ஒன்பது பேர் அளவுக்கு வரலாம். மற்ற 91 பேருக்கு வராது. கேட்கக் கூசி ஓரத்தில் எழுத வேண்டிய கேள்வி இல்லை இது.

அப்புறம் அந்தப் பொறுமை. படத்தில் அலிசியா ஒரு நாளும் பிரிவதில்லை. நிஜ அலிசியா 1963-ல் விவாகரத்து வாங்கினார். அவரால் முடியவில்லை. 1970-ல், போக இடம் இல்லாத மனிதரைத் தன் வீட்டில் தங்க வைத்துக்கொண்டார், கணவராக அல்ல, குடியிருப்பவராக. கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வீட்டை ஓட்டினார். 2001-ல் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். 2015-ல் நார்வேயில் கணிதத்துக்கான ஏபல் பரிசு வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில், டாக்சி விபத்தில் இருவரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தார்கள். நடுவில் விலகிப் போனவரைத்தான் நீங்கள் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்கிறீர்கள். சனிக்கிழமை தோழியோடு ஊர் சுற்றப் போனதற்காகக் குற்ற உணர்ச்சியோடு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த சனிக்கிழமையும் போங்கள்.

டாக்டரிடம் போகும்போது அந்த ஜியோமெட்ரி பாக்ஸ் கூட வரட்டும், 19 மாத்திரையோடு. நீங்கள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். டாக்டர் மேஜையில் அவரே திறந்து வைக்கட்டும்.